ஊட்டிக்கு டிக்கெட் போட்டாச்சு, கொரோனாவும் வந்தாச்சு: போகலாமா?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். வயது 46, விவசாயம். நாலு வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் டபாக்ளிஃப்ளோசினும் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உடம்பு வலி, தொண்டை கரகரப்பு, ராத்திரி 101 காய்ச்சல். மகள் சொன்னாள் என்று திங்கள்கிழமை கிட் வாங்கிப் பார்த்ததில் இரண்டு கோடு விழுந்தது. வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் கும்பகோணத்தில் ஜனசதாப்தி ஏறி கோயம்புத்தூர் போக டிக்கெட் இருக்கிறது. அன்று ராத்திரி தங்கை வீடு, மறுநாள் வேன் பிடித்து ஊட்டி, மூன்று நாள் லாட்ஜ். நான், மனைவி, 14 வயது மகள், 9 வயது மகன், 71 வயது அம்மா. அம்மாவுக்கு பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. தங்கை ஏழு மாதம் முழுகாமல் இருக்கிறாள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை வந்துவிடும், அப்புறம் நகர முடியாது. டோலோ போட்டால் காய்ச்சல் நின்றுவிடுகிறது. இப்போதெல்லாம் கொரோனா வெறும் சளிதானே, யாரும் தடுப்பதும் இல்லையே என்கிறார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு போய்விடலாமா? இல்லை, நான் மட்டும் நின்றுகொண்டு அவர்களை அனுப்பி வைக்கட்டுமா?

பதில்:

வெள்ளிக்கிழமை வேண்டாம். நீங்களும் வேண்டாம், உங்களை விட்டுவிட்டு அவர்களும் வேண்டாம். இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். இன்று செவ்வாய், மே இரண்டாம் வாரம்தான் நடக்கிறது. மாதக் கடைசியில் போய்வந்தாலும் மேட்டூர் திறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடலாம். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே திறந்து, உங்கள் வாய்க்காலுக்கு எட்ட இன்னும் சில நாள் ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளின் பள்ளி திறக்கும் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பம்புசெட்டில் நாற்று விட்டிருந்தால், அதற்குத் தண்ணீர் பாய்ச்ச ஓர் ஆளையும் சொல்லி வையுங்கள்.

நாள் கணக்கை முதலில் சரி செய்துகொள்வோம். பலர் கிட்டில் கோடு விழுந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். உடம்புக்கு முடியாமல் போன நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். உங்களுக்கு ஞாயிறு பூஜ்யம், திங்கள் ஒன்று, வெள்ளி ஐந்து. இந்த வைரஸ் அறிகுறி தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மூச்சில் வெளியேற ஆரம்பித்துவிடும். அறிகுறி தொடங்கிய முதல் சில நாளில்தான் மிக அதிகமாக வரும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நன்றாகக் குறையும், ஆனாலும் எட்டு, பத்து நாள் வரை பரப்புகிறவர்கள் உண்டு. ஆக வெள்ளிக்கிழமை நீங்கள் ரயில் ஏறும்போது உங்கள் உடம்பு தேறியிருக்கலாம். மூச்சு தேறியிருக்கும் என்று சொல்ல முடியாது.

டோலோ போட்டால் காய்ச்சல் நிற்கிறது என்கிறீர்கள். அது மாத்திரையின் வேலை. காய்ச்சல் போய்விட்டதா என்பதை மாத்திரை போடாமல் 24 மணி நேரம் இருந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வியாழன் காலை எட்டு மணிக்குக் கடைசி மாத்திரை போட்டிருந்தால், வெள்ளி காலை எட்டு மணி வரை 100.4 டிகிரியைத் தொடாமல் இருக்க வேண்டும்.

இதைப் பார்ப்பதற்கும் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. மே மாதத்தில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே 100 டிகிரி அடிக்கும். அலமாரியில் கிடக்கும் பாதரசத் தெர்மாமீட்டரை எடுக்கும்போதே அது 99, 100 என்று நிற்கும். உதறி இறக்கி வைத்தாலும் அறைச் சூட்டில் மறுபடி ஏறிக்கொள்ளும். அதைப் பார்த்துக் காய்ச்சல் என்று பயப்படுகிறவர்களும் உண்டு, ‘எப்போதும் இப்படித்தான் காட்டும்’ என்று உண்மைக் காய்ச்சலை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலிலிருந்து வந்தாலோ, சூடாகக் காபி குடித்தாலோ அரை மணி நேரம் கழித்து, நாக்கின் அடியில் வைத்து, வாயை மூடிக்கொண்டு பாருங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று, ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

இனி ‘வெறும் சளிதானே’ என்பது. பாதி உண்மை. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. தடுப்பூசியாலும் முன்பு வந்துபோன தொற்றாலும் பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் ஓரளவு எதிர்ப்பு இருக்கிறது. 2025 மே, ஜூனில் மறுபடி எண்ணிக்கை கூடியபோதும் பெரும்பாலோர் வீட்டிலேயே தேறினார்கள். 46 வயதில் உங்களுக்கும் அப்படியே போய்விட வாய்ப்பு அதிகம். ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்: 71 வயதில் சர்க்கரையும் பி.பி.யும் உள்ள அம்மா, ஏழு மாதம் ஆன தங்கை. கர்ப்பிணிக்கு இந்தக் காய்ச்சல் மற்றவர்களைவிடக் கடுமையாகப் போகவும், குறைமாதப் பிரசவம் ஆகவும் வாய்ப்பு கூடுகிறது. யாரும் தடுக்கவில்லை என்பதும் சரிதான். கும்பகோணம் ஸ்டேஷன் வாசலில் ஒருவரும் உங்கள் நெற்றியில் துப்பாக்கி வைத்துச் சூடு பார்க்கப் போவதில்லை. அதனால்தான் முடிவு உங்கள் கையில் வந்து நிற்கிறது.

மாஸ்க் போட்டால் போதாதா? நல்ல என்-95 மாஸ்க், மூக்குக் கம்பியை அழுத்தி, கன்னத்தோடு ஒட்டிப் போட்டால் பெரிய அளவுக்குத் தடுக்கும். பயணத்தில் அது எவ்வளவு நேரம் முகத்தில் இருக்கும் என்று பாருங்கள். ரயிலில் ஆறு மணி நேரத்துக்குக் கிட்ட உட்கார வேண்டும். தஞ்சாவூர் தாண்டினால் கட்டிவந்த புளிசாதப் பொட்டலம் பிரியும், திருச்சியில் டீ வரும். ராத்திரி தங்கை வீட்டில் மாஸ்க்கோடு தூங்கப் போவதில்லை. மறுநாள் வேனில் கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதை. அப்புறம் குளிருக்கு ஜன்னலைச் சாத்திய லாட்ஜ் அறையில் ஐந்து பேர், மூன்று ராத்திரி. மாஸ்க் இல்லாத நேரமே அதிகம். நீலநிறச் சர்ஜிக்கல் மாஸ்க்கோ பக்கவாட்டில் திறந்தே கிடக்கும். ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை, அவ்வளவுதான்.

சரி, உங்களை விட்டுவிட்டு அவர்கள் மட்டும் போகலாமா? இதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான கேள்வி. பலர் தவறுவதும் இங்கேதான். நீங்கள் போன வெள்ளி, சனிக்கிழமையிலிருந்தே பரப்ப ஆரம்பித்திருக்கலாம். இப்போது சுற்றிவரும் வகைகளில் தொற்றிய இரண்டிலிருந்து நான்கு நாளில் பெரும்பாலும் அறிகுறி தெரியும். சிலருக்கு ஒரு வாரமும் ஆகும். உங்கள் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ ஒட்டியிருந்தால், தொண்டை கரகரப்பு இன்றைக்கும் தொடங்கலாம், வெள்ளிக்கிழமை ரயிலிலும் தொடங்கலாம், சனிக்கிழமை ராத்திரி ஊட்டியிலும் தொடங்கலாம். வியாழக்கிழமை எல்லோருக்கும் கிட் போட்டுப் பார்த்து ஒரே கோடு வந்தாலும், தொற்றின் தொடக்கத்தில் கிட் பிடிக்காமல் விடுவது சகஜம் என்பதால், அதை நம்பிக் கிளம்ப முடியாது. அறிமுகம் இல்லாத மலையூரில் நள்ளிரவில் அம்மாவுக்குக் குளிர்க்காய்ச்சல், பக்கத்தில் நீங்கள் இல்லை, மருமகள் இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்கிறாள் என்று வைத்துப் பாருங்கள். மறுபடி சமவெளிக்கு இறங்கவே பாதி நாள் போய்விடும்.

ஊட்டியில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊரில், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 97, 98 காட்டுகிறவருக்கு அங்கே நல்ல உடம்போடு இருக்கும்போதே 93, 95 காட்டக்கூடும். கீழே 93 என்றால் உடனே டாக்டரிடம் போ என்போம். மேலே அதே 93-ஐ வைத்து நோயா, உயரமா என்று வீட்டு ஆள் பிரித்துச் சொல்ல முடியாது. கொரோனாவைக் கவனிக்க வீட்டில் இருக்கும் ஒரே கருவி அங்கே போனால் குழப்பும். போதாக்குறைக்கு, மூக்கடைப்போடு குன்னூர் வழியாக வளைந்து வளைந்து ஏறி இறங்கினால் காது அடைத்து வலி எடுக்கும். ஒன்பது வயதுப் பையன் அழுதே தீர்ப்பான்.

ஆக, எத்தனை நாள் தள்ளுவது? அடுத்த வெள்ளி உங்களுக்குப் பன்னிரண்டாம் நாள். நீங்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் இந்த வெள்ளிக்கிழமை மகனுக்குத் தொடங்கினால், அடுத்த வெள்ளி அவனுக்கு ஏழாம் நாள்தான். அதனால்தான் இரண்டு வாரம் என்றேன். அதற்கும் அடுத்த வெள்ளிக்குள் வீட்டில் எல்லோருக்கும் வரவேண்டியது வந்து, போகவேண்டியது போயிருக்கும். ஒருவருக்கும் ஒட்டாமலும் போகலாம்; ஒரே வீட்டில் எல்லோருக்கும் வந்தே தீரும் என்று கட்டாயம் இல்லை.

கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம் ஒத்துவர வேண்டும்: மாத்திரை இல்லாமல் ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லை, இருமல், அசதி ஏறாமல் இறங்கிக்கொண்டு வருகிறது, தொடங்கிய நாளிலிருந்து பத்து நாள் தாண்டியிருக்கிறது. பத்து நாளுக்கு முன் போயே ஆக வேண்டும் என்றால், ஆறாம் நாளுக்குப் பிறகு 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கிட் போட்டு, இரண்டு முறையும் ஒரே கோடு வரவேண்டும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தங்குவதாக இருந்தால் நான் பத்து நாளைத்தான் பிடித்துக்கொள்வேன். வறட்டு இருமல் இரண்டு மூன்று வாரம் கூட இழுக்கும். அதை மட்டும் வைத்து இன்னும் பரப்புகிறோம் என்று பயப்பட வேண்டாம். ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்துப் பார்க்கவும் வேண்டாம். செத்த வைரஸின் துணுக்குகளைக்கூட அது வாரக்கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கும், காசுதான் வீண்.

கிட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதைக் கெடுப்பது நம் வெயில்தான். பெரும்பாலான கிட்டுகளை 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். மருந்துக் கடையில் வாங்கி, வண்டிப் பெட்டியில் போட்டு, வயலுக்குப் போய்விட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து திறந்தால் அது வெந்திருக்கும். சி என்ற எழுத்துக்கு நேரே கோடு வரவில்லை என்றால் அந்தக் கிட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். மூக்குச் சீந்திவிட்டு, குச்சியை இரண்டு துவாரத்திலும் விட்டு உள்சுவரோடு ஒட்டிச் சுழற்ற வேண்டும். நுனியில் தொட்டு எடுத்தால் சளி வருமே தவிர வைரஸ் போதாது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் சொன்ன நேரத்தில் பார்க்க வேண்டும், பெரும்பாலும் 15 நிமிஷம். அரை மணி கழித்துத் தோன்றுகிற கோட்டுக்கு மதிப்பில்லை. ஆனால் உரிய நேரத்தில் டி-க்கு நேரே மயிரிழை போலத் தெரிந்தாலும் அது இருக்கிறது என்றே அர்த்தம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ‘லேசாகத்தான் இருக்கு’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது வீட்டுக்குள் செய்ய வேண்டியது. அம்மாவைக் காப்பாற்றும் வேலை இன்று ராத்திரியே தொடங்க வேண்டும். டெல்டா கிராமங்களில் இப்போது பல வீட்டில் ஓர் அறையில் மட்டும் ஏ.சி. இருக்கிறது, மே மாதத்தில் குடும்பமே அந்த அறையில் பாய் விரித்துப் படுக்கிறது. உங்கள் வீடும் அப்படி என்றால், அந்த அறைதான் தொற்று பரவ மிகத் தோதான இடம். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருக்கும் அதே காற்றைக் குளிர வைத்துச் சுற்றிவிடும். ஒருவர் விட்ட மூச்சை ஐந்து பேரும் விடிய விடிய இழுக்கிறார்கள். இந்த ஒரு வாரம் ஏ.சி. அறை அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும். நீங்கள் திண்ணைக்கோ மாடிக்கோ போய்விடுங்கள், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். திண்ணை இல்லாத வீடு என்றால் எதிரெதிரே ஜன்னல் உள்ள அறையில், ஜன்னலை நோக்கி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து, காற்றை வெளியே தள்ளவிட்டுப் படுங்கள். தினமும் பினாயில் போட்டுத் தரையைக் கழுவி, டம்ளரை மஞ்சள் தண்ணீரில் ஊற வைத்து, ஜன்னலை மட்டும் இறுக்கமாகச் சாத்திவைக்கிற வீடுகள் உண்டு. இது மூச்சுக்காற்றில் பரவுகிற நோய். பினாயில் காசுக்கு ஓர் என்-95 வாங்கலாம். சாப்பாடு வாங்க உள்ளே வரும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள். எழுபது தாண்டியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் இது வரும். வழக்கமாக வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர் எழுந்திருக்காமல் படுத்திருப்பது, சாப்பாடு வேண்டாம் என்பது, பேச்சு முன்பின்னாகக் குழறுவது, பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுவது, இவைதான் முதல் அடையாளம். காலை மாலை ஆக்சிமீட்டரில் பாருங்கள். மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத விரல், கை சில்லென்று இல்லாமல், ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 94-க்குக் கீழே நின்றால் அன்றே டாக்டர். 90-க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ 108.

அம்மாவுக்கு லேசாகத் தொண்டை கரகரத்தால் அன்றே கிட் போடுங்கள். இரண்டு கோடு வந்தால் மறுநாள் வரை தள்ளாமல் டாக்டரைப் பாருங்கள். வயதானவர்களுக்கு நோய் முற்றாமல் தடுக்கும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை உண்டு. அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பலன். அவற்றில் முக்கியமான ஒன்று சில கொழுப்பு மாத்திரைகளோடும் இதய மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. எனவே அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள், ‘பி.பி.க்கு ஒரு வெள்ளை மாத்திரை’ என்றால் எந்த டாக்டருக்கும் விளங்காது.

உங்கள் சர்க்கரை மாத்திரைக்கு வருகிறேன். டபாக்ளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மருந்து, கூடவே தண்ணீரையும் கொண்டுபோகும். காய்ச்சலில் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இதைத் தொடர்ந்து போட்டால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப்பொருள் ஏறிவிடும். இதில் மோசம் என்னவென்றால், குளுக்கோமீட்டரில் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகவே காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, இழுத்து இழுத்து மூச்சு விடுவது இதன் அடையாளம். எனவே சாப்பாடு சரியாக இறங்கவில்லை, வாந்தி அல்லது பேதி இருக்கிறது என்றால் அந்த மாத்திரையை நிறுத்திவைத்து, உங்களுக்கு எழுதிக்கொடுத்த டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள். மெட்ஃபார்மினையும் அந்த நிலையில் அவரைக் கேட்டே தொடர வேண்டும். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு அவர் மறுபடி தொடங்கச் சொல்வார். சாப்பாடு இறங்குகிறது என்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரையைத் தினம் இரண்டு முறை பாருங்கள். எந்தத் தொற்றிலும் அது ஏறும். 300-ஐத் தாண்டி நின்றால் காத்திருக்கக் கூடாது. இந்த மாத்திரையோடு பயணம் போய், வேனில் வாந்தி எடுத்து, பாத்ரூம் தேட வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 போதும். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். நொய்க்கஞ்சியில் உப்புப் போட்டு, நீர்மோர் கலந்து அடிக்கடி குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்றால் பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு; ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் நன்மைக்குப் பதில் கெடுதல். மருந்துக் கடையில் ‘கொரோனாவுக்கு ஒரு செட்’ என்று கேட்டால் காகிதத்தில் மடித்து நாலைந்து மாத்திரை கொடுப்பார்கள். அதில் அசித்ரோமைசின் இருக்கும்; வைரஸை அது ஒன்றும் செய்யாது. சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். டெக்ஸாமெதசோன் ஆக்சிஜன் தேவைப்படுகிற நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று 2020-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது. உங்களைப் போன்ற சர்க்கரை நோயாளிக்கு அது சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும். 2021-ல் கருப்புப் பூஞ்சை யாரைப் பிடித்தது என்று நினைவிருக்கும்: சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களையும் ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களையும்தான். ‘வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகணும், சீக்கிரம் சரியாகிற மாதிரி கொடுங்க’ என்று கேட்கும்போதுதான் இந்தச் செட்டு கைக்கு வந்து சேரும்.

வயலில் இறங்குகிறவர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். நாலாம் நாளும் காய்ச்சல் இறங்காமல், கெண்டைக்காலில் கடுமையான வலி, கண் சிவப்பு, சிறுநீர் மஞ்சளாகப் போவது என்று இருந்தால் கொரோனா மேலேயே பழியைப் போட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எலிக்காய்ச்சலும் டெங்குவும் நம் பக்கம் இருக்கின்றன, கிட்டில் இரண்டு கோடு விழுந்தவருக்கு அவை வராது என்றில்லை. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை வலிக்கு என்று டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் அதுதான் ஓடும். ரயில் டிக்கெட்டை இன்றே ரத்து செய்யுங்கள். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். வெள்ளிக்கிழமை காலை வரை ‘பார்ப்போம்’ என்று இருந்தால்தான் நஷ்டம். உறுதியான தத்கால் டிக்கெட் என்றால் திரும்ப வராது, அதை மறந்துவிடுங்கள். லாட்ஜில் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். தேதியை மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், முக்கியமாகச் சனி ஞாயிறை விட்டு வார நாள் கேட்டால். ஊட்டிக்குப் போகும் வண்டிக்கு 2024 மே 7-லிருந்து ஈ-பாஸ் வேண்டும் என்பது தெரிந்திருக்கும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அளவும் வைத்திருக்கிறார்கள். வார நாளில் 6,000, சனி ஞாயிறு 8,000 என்று 2025-ல் நீதிமன்றம் சொன்னது. பழைய தேதிக்கு வேன்காரர் பாஸ் எடுத்திருந்தால் அது புதிய தேதிக்குச் செல்லாது. மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் போகும்போதும் நீங்கள் பழைய ஆள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சலும் அசதியும் விட்ட பிறகு ஒரு வாரமாவது மூச்சிரைக்கிற வேலை செய்யக் கூடாது. இதயத் தசையில் அழற்சி இருந்தால் அது வெளியே தெரியாமலே இருக்கும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஆக்சிமீட்டரில் பார்த்துவிட்டு, வரப்பில் நடக்கிற வேகத்தில் தெருவில் ஆறு நிமிஷம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். மூன்றோ அதற்கு மேலோ இறங்கினால், இல்லை 94-க்குக் கீழே போனால், ஊட்டியை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு படபடத்தாலும் அப்படியே. எல்லாம் சரி என்றால் போங்கள். தொட்டபெட்டா உச்சியில் படியேறுவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, நீங்களும் அம்மாவும் கீழே உட்கார்ந்து சோளம் தின்னுங்கள். ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பெட்டிக்குள் நடங்கள். இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு சில வாரம் ரத்தம் உறையும் தன்மை கூடுதலாக இருக்கும், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் உட்காருவது நல்லதில்லை. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் தைலம் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தேறிவிட்டோம், ஆனால் மலை ஏறத் தெம்பில்லை என்றால் தரங்கம்பாடி இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சம். காலை வெயில் ஏறுவதற்குள் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்து, கடற்காற்றில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம். திறந்த வெளி, கீழ்மட்டம், அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அன்று மாலையே வீடு.

இதற்கிடையில் உறவில் ஒரு சாவு, அவசர ஆபரேஷன் என்று வந்து போயே ஆக வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. சொந்தக் காரோ தனி வாடகைக் காரோ, நான்கு கண்ணாடியும் இறக்கி, டிரைவருக்கும் உங்களுக்கும் என்-95, டிரைவரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி. ஏ.சி. போட்டே ஆக வேண்டும் என்றால் உள்காற்றைச் சுற்றவிடும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வரும்படி வைக்கச் சொல்லுங்கள். அங்கே போய்க் கூட்டத்தில் உட்காராமல், கொட்டகைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

கடைசியாக, தங்கைக்கு இன்றே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். ‘வேலை வந்துவிட்டது, அப்புறம் வருகிறோம்’ என்று மழுப்பினால், அண்ணனைப் பார்த்து நாளாயிற்று என்று அவளே மாப்பிள்ளையோடு கிளம்பி உங்கள் வீட்டுக்கு வந்து நிற்பாள்.